நோட்டின் நான்காவது கட்டம்

போன ஜூன் மாதம் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் நான்கு கட்டம் போட்டேன். நாவலின் பெயர், தொடங்கிய தேதி, முடித்த தேதி, படித்த இடம். மே பிறந்ததோடு 11 மாதம் நிறைகிறது. முடித்தவை 23, பாதியில் நிற்பவை 4. இதற்கு முன் மூன்று தடவை நாவல் படிக்கும் பழக்கத்தைத் தொடங்கிக் கைவிட்டிருக்கிறேன். இந்தத் தடவை அது நின்றுபோகாததற்கு அந்த நான்காவது கட்டம்தான் காரணம்.

முன்பெல்லாம் ‘நாளுக்கு 30 பக்கம்’ என்று கணக்கு வைப்பேன். துப்பறியும் கதையில் 30 பக்கம், திருமங்கலத்தில் பஸ் ஏறிப் பெரியார் நிலையம் வருவதற்குள் ஓடிவிடும். வட்டார வழக்கில் எழுதிய நாவலில் அதே 30 பக்கத்துக்கு ராத்திரி முழுக்க உட்கார வேண்டியிருக்கும். கணக்குத் தவறியதும் மனம் விட்டுப்போகும், புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். இடத்தையும் எழுத ஆரம்பித்த பிறகுதான் எது எங்கே ஓடுகிறது, எது எங்கே நிற்கிறது என்று தெரிந்தது. பக்கக் கணக்கை விட்டேன். இப்போது எப்போதும் இரண்டு நாவல், இரண்டும் வேறு வேறு ரகம்: பையில் ஒன்று, தலையணைப் பக்கத்தில் ஒன்று.

பஸ்ஸுக்குத் தொடர்கதையாக வந்தவைதான் சரி. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் வாரா வாரம் வந்தது. அடுத்த வாரம் வரை ஆளைத் தவிக்கவிடும்படி அத்தியாயங்களை முடித்திருக்கிறார் எழுத்தாளர் கல்கி. பள்ளியில் படிக்கும்போது லீவில் ஒரே மூச்சில் விழுங்கினேன், அந்தத் தவிப்பை அனுபவிக்கவே இல்லை. இப்போது காலையில் ஒரு அத்தியாயம், மாலையில் இரண்டு. இறங்கும் இடம் வந்ததும் மூடிவிடுவேன். ஐந்து பாகத்துக்கும் நான்கு மாதம் ஆயிற்று. மதிய சாப்பாட்டு நேரத்துக்கு ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வைத்துக்கொண்டேன். 1879-இல் வந்த தமிழின் முதல் நாவல். எழுதியவர் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். கதைக்குள் கதையாக வருவதால் எங்கே விட்டாலும் மறுநாள் எடுத்துக்கொள்ளலாம்.

என்னை நன்றாக அலைக்கழித்தது ‘ஆழி சூழ் உலகு’. ஜோ டி குரூஸ், கடலோர மீனவர்களான பரதவர்களைப் பற்றி எழுதியது. கண்மாய்க்கரையில் வளர்ந்த எனக்குக் கடல் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை திருச்செந்தூர், அவ்வளவுதான். பஸ்ஸில் எடுத்தேன், நகரவில்லை. படுக்கையில் எடுத்தேன், நான்கு பக்கத்தில் தூக்கம். ஒரு மாதம் அப்படியே கிடந்தது. எங்கள் அலுவலகத்தில் கடற்கரை ஊரான உவரியைச் சேர்ந்தவர் ஒருவர் இருக்கிறார். ஒருநாள் டீக்கடையில் கேட்டேன்.

“அண்ணாச்சி, கச்சான்னா என்ன?”

“மேக்க இருந்து அடிக்கிற காத்து. கெழக்க இருந்து வந்தா கொண்டல், வடக்க இருந்துன்னா வாடை, தெக்கன்னா சோழகம். என்ன திடீர்னு?”

சொன்னேன். சிரித்துவிட்டு, “கண்ணால படிச்சா வெளங்காது தம்பி. வாய்விட்டுப் படிங்க. எங்க பேச்சு காதுல விழணும்” என்றார்.

மறுநாள் விடியற்காலை மொட்டைமாடிக்குப் போய் முதல் பக்கத்திலிருந்து சத்தமாகப் படித்தேன். ஏறக்குறைய 40 பக்கம் வரை அப்படித்தான். அதற்குப் பிறகு வாய் மூடிக்கொண்டது, ஆனால் கதையில் வரும் ஆமந்துறை ஊர்க்காரர்களின் குரல் காதில் நின்றுவிட்டது. கடலில் தத்தளிக்கும் பகுதிகள் வரும்போதெல்லாம் மாடியில் அடித்த காற்று எந்தத் திசைக் காற்று என்று முகத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். நோட்டில் ‘மொட்டைமாடி, 19 நாள்’ என்று இருக்கிறது. வட்டார நாவல் எதுவானாலும் இப்போது முதல் சில பக்கங்களை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

இடம் தவறிப்போனதும் உண்டு. ஜனவரியில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது ‘ஆரோக்கிய நிகேதன’த்தைக் கையில் கொண்டுபோனேன். தாராசங்கர் பந்தோபாத்யாயா வங்காளியில் எழுதியது. நாடி பிடித்துச் சாவின் வரவைச் சொல்லிவிடும் ஒரு கிராமத்து வைத்தியரின் கதை. வார்டு வராந்தாவில் பத்துப் பக்கம் போனதும் மேலே படிக்க முடியவில்லை. பையில் போட்டுவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் தேறி வீட்டுக்கு வந்த பிறகு, பகலில், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து முடித்தேன். இந்த வருஷம் நான் படித்ததில் மிகப் பெரிய நாவல் அதுதான்.

பாதியில் நிற்கும் நான்கில் ஒன்றை இந்த வாரம் மறுபடி எடுத்திருக்கிறேன்: ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. ஜப்பானியப் படை சுமத்ராவின் மெடான் நகருக்குள் நுழைவதில் தொடங்குகிறது. ஆகஸ்டில் அந்த மலாய்ச் சொற்களின் நெரிசலில் மூச்சுமுட்டி நிறுத்தினேன். இப்போது வாய்விட்டுப் படிக்கிறேன், போகிறது. கடல் கடந்து கிடக்கும் கதாநாயகன் பாண்டியன் மதுரைத் தெருக்களை நினைத்துக்கொள்ளும் இடம் வருகிறது. சிங்காரமும் போர் முடிந்து ஊர் திரும்பி, இதே மதுரையில் பத்திரிகை வேலை பார்த்தவர்தான். அந்தப் பக்கங்களை மட்டும் படிக்காமல் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அரைநாள் லீவு. வெளிவீதியில் ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சு கிடைத்தால் அங்கே உட்கார்ந்து படிக்கலாம் என்று, நான்காவது கட்டத்தில் ‘வெளிவீதி’ என்று பென்சிலால் இப்போதே எழுதிவிட்டேன்.