வாசலில் நின்றுவிடும் கால்

அப்பாவுக்குப் பார்கின்சன் நோய். அதற்குத் தரும் லெவோடோபா மாத்திரை உடம்பு விறைப்பை நன்றாகவே குறைக்கிறது, ஆனால் அறை வாசலுக்கு வந்ததும் கால் ஆணி அடித்தாற்போல நின்றுவிடும், அதற்கு மட்டும் அளவைக் கூட்டிப் பார்த்தும் பலனில்லை. பின்னால் நின்று ‘நடங்க, நடங்க’ என்று அவசரப்படுத்தினால் இன்னும் மோசம் (நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்). பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி வாசலில் குறுக்கே மஞ்சள் டேப் ஒட்டினோம். இப்போது கால் நின்றால் ஒரு மூச்சு விட்டு, உடம்பை இடமும் வலமும் லேசாகச் சாய்த்து, ‘ஒண்ணு, ரெண்டு’ எண்ணி, கோட்டைத் தாண்டுவதுபோல் காலைத் தூக்கி வைக்கிறார். பெரும்பாலும் நடந்துவிடுகிறது!

அப்புறம் அந்தத் தலைசுற்றல். எழும்போது ரத்த அழுத்தம் இறங்குவதால் வருவது, சில சமயம் மாத்திரையே அதைக் கூட்டுமாம். அதனால் கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் எழுகிறார். மலச்சிக்கலோடு இன்னும் சண்டைதான்.