வெறும் பஃபருக்கே ஏறிய கோடு

பெங்களூரில் பிஎச்டி சேர்ந்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஹெப்-ஜி2 செல்களில் ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைச் சேர்த்தால் உள்ளே கால்சியம் ஏறுகிறதா என்று பார்ப்பது. அர்ஜென்டினாவைச் சேர்ந்த 15 வயதுப் பையனின் கல்லீரல் கட்டியிலிருந்து வந்த செல்கள் அவை. அந்த வயதை நினைக்காமல் ஒருநாளும் டிஷ்ஷைக் கையில் எடுத்ததில்லை.

பாதை தெரிந்ததுதான். ஈஜிஎஃப் தன் ஏற்பியில் ஒட்டும், ஏற்பி பிஎல்சி-காமா நொதியைத் தூண்டும், அது சவ்வுக் கொழுப்பை வெட்டி ஐபி3 என்ற தூது மூலக்கூறை உண்டாக்கும், ஐபி3 செல்லின் கால்சியக் கிடங்கான எண்டோபிளாச வலையிலிருந்து கால்சியத்தைத் திறந்துவிடும். சும்மா இருக்கும் செல்லுக்குள் கால்சியம் சுமார் 100 நானோமோலார்தான். வெளியே அதைப்போல் பத்தாயிரம் மடங்கு.

முதல் மூன்று வாரம், திரையில் கால்சியம் அளவைக் காட்டும் கோடு அசையவே இல்லை. லேபில் சீனியரான திருநெல்வேலி அக்காவிடம் போய் நின்றேன். "சீரத்தோடயா வச்சிருக்க? அதுலயே வளர்ச்சிக் காரணி கிடக்குல்லா. விருந்து சாப்பிட்டு எந்திச்சவனுக்கு இலை போட்டா எப்படிம்மா திம்பான்?" என்றார். சீரம் என்பது செல்களுக்கு ஊட்டமாக மீடியாவில், அதாவது வளர்ப்புத் திரவத்தில், சேர்க்கும் இரத்த நீர். அன்று ராத்திரி முழுக்கச் செல்களைச் சீரம் இல்லாத மீடியாவில் வைத்தேன்.

மறுநாள், கால்சியம் ஒட்டினால் ஒளிர்வு மாறும் ஃபியூரா-2 சாயத்தைச் செல்களில் ஏற்றி, பஃபர் என்ற உப்புக் கரைசலில் கலந்த ஈஜிஎஃப்பைப் பிப்பெட்டால் விட்டேன். இரண்டு விநாடியில் எல்லாச் செல்லிலும் கால்சியத்தைக் காட்டும் 340/380 ஒளிர்வு விகிதம் எகிறியது. எனக்குக் கை நடுங்கியது. இரண்டு வாரம் அப்படியே சேகரித்தேன். அக்கா கேட்டது ஒன்றே ஒன்று: "வெறும் பஃபர் விட்டுப் பாத்தியா?"

விட்டேன். அதே ஏற்றம்.

பிப்பெட்டிலிருந்து விழும் திரவம் செல்களை உலுக்குகிறது. உலுக்கிய செல்கள் தங்கள் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைக் கசியவிடும். அது பக்கத்துச் செல்களின் பி2ஒய் ஏற்பிகளில் ஒட்டி, கடைசியில் அதே ஐபி3 வழியாகக் கால்சியத்தைத் திறக்கும். கோட்டை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டு வார டேட்டாவையும் ஒதுக்கினேன், அழுகை வந்தது.

பிறகு குழாய் வழியாக மெதுவாகப் பஃபரை ஓடவிட்டு, கோடு படுத்தபின் அதே வேகத்தில் ஈஜிஎஃப்புக்கு மாற்றினேன். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் ஓரத்தில் ஒரு செல் மெல்ல ஏறியது, சற்றுத் தள்ளி இன்னொன்று. சில செல்கள் கடைசிவரை அசையவில்லை. வெளியே கால்சியத்தை எடுத்துவிட்டுச் செய்தபோது ஏறியது உடனே இறங்கிவிட்டது. ஆரம்ப ஏற்றம் உள்ளிருப்பு, நீடிப்பது வெளியிலிருந்து வருவது என்று அப்போதுதான் கண்ணால் கண்டேன்.

இப்போதும் தினமும் முதல் டிஷ் வெறும் பஃபருக்குத்தான். மூடியில் நீல மார்க்கரில் 'ப' என்று எழுதி வைப்பேன்.