சுக்கானை விட்டால்

செப்டம்பர் 9
இன்றும் காற்றில்லை. தென் இங்கிலாந்தின் சோலன்ட் நீரிணை ஆறிய கஞ்சி போல் ஆடை கட்டிக் கிடந்தது. "உங்களுக்கு அருமையான நாள் வாய்த்திருக்கிறது" என்றார் தன் படகை விற்கும் கிழவர். 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) காற்றில் எல்லாப் படகும் நல்ல படகுதான். பார்க்க வந்திருக்கும்போது எந்த மாப்பிள்ளை தன் கோபத்தைக் காட்டியிருக்கிறான்?

செப்டம்பர் 11
கை: சரி.

செப்டம்பர் 14
தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். படகின் எடையைப் பவுண்டில் எடுத்து, 64ஆல் வகுத்து, கனமூலம் கண்டு, அடியில் அளந்த அகலத்தை அதனால் வகுக்க வேண்டும். விடை 2க்குக் கீழே இருந்தால் கவிழும் அபாயம் குறைவு என்பார்கள். கிழவரின் படகு கான்டெஸ்ஸா 32 ரகம்: அகலம் 9.5, எடை 9,500. விடை 1.79. ஹாம்பிள் ஆற்றில் தரகர் காட்டுவதாகச் சொல்லியிருக்கும் அகலப் படகு: 11.5, 10,000. விடை 2.14.

ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு கண் குருடு. பாரத்துக்கு வைத்த ஈயம் அடியில் இருக்கிறதா, பாய்மர உச்சியில் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. கான்டெஸ்ஸாவில் எடையில் கிட்டத்தட்ட பாதி அடியில் இருக்கிறது. 150 பாகைக்குச் சாய்ந்தால்கூட நிமிர்ந்துவிடும். 1979 ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. புயலில் 15 பந்தயக்காரர்கள் இறந்தார்கள். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் பந்தயத்தை முடித்தது ஒன்றே ஒன்று, அதுவும் ஒரு கான்டெஸ்ஸா 32. இதை மனைவியிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவளுக்குக் காதில் விழுந்தது 15 மட்டும்.

செப்டம்பர் 15
"படகு நிமிரும். சரி. நீங்கள் விழுந்தால் நான் என்ன செய்வது?"
பதில் சொல்லாமல் தேநீர் போட்டேன்.

செப்டம்பர் 19
காற்றழுத்தமானி 1031, காற்று வராத உயர் அழுத்தம். அசையவில்லை. வேண்டுமென்றே செய்கிறது.

செப்டம்பர் 22
ஹாம்பிள். அகலப் படகு. உள்ளே நம் வரவேற்பறையைவிடப் பெரிய இடம், அடுப்பின் மேல் கதவு வைத்த அலமாரி, அவளுக்குப் பிடித்துவிடும் என்று பயந்தே போனேன். மதியத்துக்குமேல் எதிர்பாராமல் 18 நாட் கிளம்பியது, இடையிடையே 23. தரகர் பாயைச் சுருக்க மறுத்தார். "இது இன்னும் தாங்கும்." தாங்கியது, ஒரு வேகக்காற்று வரும்வரை. படகு சாய, அகன்ற பின்பக்கம் மேலே எழும்ப, சுக்கான் பாதி தண்ணீருக்கு வெளியே வந்துவிட்டது. நான் சக்கரத்தை முழுதாகத் திருப்பியும் படகு தன் இஷ்டத்துக்குக் காற்றை நோக்கிச் சுழன்றது. கையில் எந்தப் பிடிமானமும் இல்லை. பாலத்தில் பிரேக் அறுந்த பஸ்.

இறங்குமுன் தரைப்பலகையைத் தூக்கிப் பார்த்தேன். படகின் அடியில் தொங்கும் பாரமான கீலை இறுக்கிப் பிடிக்கும் போல்ட்டுகளைச் சுற்றித் துரு வடிந்த கோடு. "எல்லாவற்றிலும் இருக்கும்" என்றார் தரகர்.

செப்டம்பர் 23
எல்லாவற்றிலும் இருக்காது.

செப்டம்பர் 24
அம்மம்மா வல்வெட்டித்துறை. அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் போய்ச் சேர்ந்த கதையை, தானே பாய் இழுத்தவர் போலச் சொல்வார். இங்கே அடிக்கடி வீசும் தென்மேற்குக் காற்றை அவர் சோழகம் என்றிருப்பார். அந்தச் சோழகத்துக்காகத்தான் பதினைந்து நாளாகக் காத்துக்கிடக்கிறேன்.

செப்டம்பர் 27
கரையோர முன்னறிவிப்பு, லைம் ரெஜிஸ் முதல் செல்ஸி பில் வரை: தென்மேற்கு 6 முதல் 7, பின்னர் 8. இது நாட் அல்ல, பியூஃபோர்ட் காற்றளவு; 8 என்றால் கடுங்காற்று. கிழவரைக் கூப்பிட்டேன். "8இல் வாங்குகிறவன் பைத்தியம், விற்கிறவன் அதைவிடப் பைத்தியம்" என்று வைத்துவிட்டார். மரியாதை கூடியது.

செப்டம்பர் 29
காலையில் கை விரல்கள் ஏழு நிமிடம் மரத்துப்போயின. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 1
கடிதம் வந்திருக்கிறது. பிரிக்கவில்லை.

அக்டோபர் 3
கடைசியில் காற்று!

லிமிங்டனில் கிளம்புமுன் ஜன்னல் சட்டங்களுக்குக் கீழேயும், பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பிகள் தளத்தைத் துளைத்து இறங்கும் இடங்களிலும் டிஷ்யூ காகிதத்தை ஒட்டினேன். அடிப்பள்ளத்துத் தண்ணீர் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு. கிழவர் ஒன்றும் கேட்கவில்லை. தானும் ஒருநாள் இப்படிச் செய்தவர் என்று தோன்றியது.

ஹர்ஸ்ட் பக்கம் வற்று நீரோட்டம் மேற்கே ஓட, காற்று அதன் முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. அலைகள் குட்டையாக, செங்குத்தாக, ஒன்றின்மேல் ஒன்று. 22 நாட், பிறகு 26. 20க்கும் 25க்கும் ஐந்துதான் வித்தியாசம் என்று நினைப்போம். பாயின் மேல் அழுத்தம் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. பாயை ஒரு சுருக்குச் சுருக்கிப் போனபோது சுக்கான் பிடி என் தோளைப் பிடுங்கியது. இரண்டாவது சுருக்குக்குக் கிழவர் பாய்மரத்தடிக்குப் போனார். 79 வயது. கயிற்றை இறக்கி, கொக்கியில் மாட்டி, வின்ச்சைச் சுற்றி இறுக்க மூன்றரை நிமிடம். அதன்பின் இரண்டு விரலால் ஓட்டினேன். வேகம் குறையவில்லை.

கழிப்பறைக் கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன், இரு பக்கச் சாய்விலும். சிக்கவில்லை. படகின் உடல் முறுக்கிக்கொண்டால் முதலில் கதவுதான் காட்டிக்கொடுக்கும். காற்றுக்கு மறுபக்கத்துக் கம்பி விரல் அகலம் ஆடியது. பரவாயில்லை. தளம் தாழ்ந்த படகு, ஆகையால் அலையெல்லாம் மடியில்தான். கண்ணாடியில் உப்பு காய்ந்து எதையும் பார்க்க முடியவில்லை.

பிறகு கேட்டேன்: "சுக்கானை விட்டுவிடலாமா?" அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "விடுங்கள்."

விட்டேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். படகு அவசரமில்லாமல் காற்றை நோக்கித் திரும்பியது. பாய்கள் படபடத்தன. வேகம் செத்தது. கொஞ்சம் விலகி, மறுபடி காற்றில் ஓடி, மறுபடி எழுந்து வந்தது. யாரையும் தூக்கி எறியவில்லை. அடுத்து முன்பாயைத் தப்பான பக்கம் இழுத்து வைத்து, சுக்கான் பிடியைக் காற்றொதுங்கும் பக்கம் கட்டினார். படகு கிட்டத்தட்ட நின்றுவிட்டது. இரைச்சல் எல்லாம் யாரோ கதவைச் சாத்தியது போல் அடங்கியது. ஃபிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினார். சிந்தவில்லை. "என் மனைவிக்கு இது மட்டும்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றார். மேலே நான் கேட்கவில்லை.

திரும்பிய பிறகு: இடது பக்கம் மூன்றாம் ஜன்னல் காகிதம் நனைந்திருந்தது. கோட்டுக்கு மேலே ஒரு விரல் தண்ணீர். நாக்கில் வைத்தேன். உப்பு. எஞ்சினின் உந்து விசிறித் தண்டு வெளியேறும் இடத்தில் கசிவு என்கிறார். இருக்கலாம்.

அக்டோபர் 4
"முன்பாயை மறுபக்கம் இழுப்பது, சுக்கானைக் கட்டுவது. இரண்டே வேலை. நீர் செய்யலாம்" என்றேன்.
"கடிதத்தைப் பிரித்தீர்களா?"

அக்டோபர் 6
பாய்மரக் கம்பிகள் மாற்றி 14 வருடமாம். பத்து வருடத்துக்கு மேல் ஆனால் காப்பீட்டுக்காரர்கள் பெரும்பாலும் முகம் சுளிப்பார்கள். விலையில் குறைக்கச் சொல்ல வேண்டும். கிழவரிடம் பேரம் பேச வாய் வரவில்லை.

அக்டோபர் 7
பேசினேன். குறைத்தார். எனக்குத்தான் வெட்கம்.

அக்டோபர் 9
அவளையும் கூட்டிப்போனேன். 17 நாட், வெயில். சுக்கானைக் கொடுத்துவிட்டு முன்னால் போய் அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். சொன்னபடி எதுவும் பேசவில்லை. பின்னால் கயிறு இழுபடும் சத்தம், ஒரு திட்டல், மறுபடி கயிறு. கிழவர் என் பக்கத்தில் வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு நிமிடம் ஆயிற்று. படகு நின்றது.

அக்டோபர் 10
கடிதத்தை அவளே பிரித்துவிட்டாள். திங்கள், காலை 9.40.

அக்டோபர் 11
வடமேற்கு 5. மூன்றாம் ஜன்னலுக்கு ரப்பர் பட்டை வாங்க வேண்டும்.