வடகொரிய எல்லைக்குப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

போய் வந்த அலுப்பு தீர்ந்துவிட்டது, கோபம்தான் இன்னும் ஆறவில்லை. சியோலில் நான் பதிவு செய்த சுற்றுலாவின் விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருந்த படம், பன்முன்ஜோமின் நீல நிறக் கட்டடங்கள். எல்லைக்கோடு நடுவே ஓட, இரு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் கூடங்கள் அவை. அதற்காகத்தான் பணம் கட்டினேன். பேருந்து கிளம்பிய பிறகு வழிகாட்டி மைக்கைப் பிடித்து, "பன்முன்ஜோம் இன்றைக்குக் கிடையாது" என்கிறார்! 2023 ஜூலையில், சுற்றுலாவோடு வந்த ஓர் அமெரிக்கச் சிப்பாய் கோட்டைத் தாண்டி வடக்கே ஓடிவிட்டார். உடனே அங்கே சுற்றுலாவை நிறுத்தினார்கள். அதற்கப்புறம் அது நம்பி டிக்கெட் போடக்கூடிய இடமாக இல்லை. விற்றவர்களுக்கு இது தெரியாதா என்ன?

அடுத்த சிக்கல், எல்லைக்கு முன்னால் உள்ள இம்ஜின்காக் பூங்காவில். எல்லைப் பகுதிக்கான அனுமதிச்சீட்டை அங்கேதான் வரிசைப்படி தருகிறார்கள், பாஸ்போர்ட்டைக் காட்டியாக வேண்டும். எங்களோடு வந்த ஓர் இளைஞனிடம், போனில் இருக்கும் படமே போதும் என்று அதே நிறுவனம் சொல்லியிருக்கிறது. கவுண்டரில் ஒத்துக்கொள்ளவில்லை. பாவம், நாங்கள் திரும்பும்வரை அவன் அங்கேயே கிடந்தான். யார் என்ன சொன்னாலும் அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

காத்திருந்த நேரம் வீணாகவில்லை. கொரியப் போரில் குண்டு துளைத்த பழைய ரயில் என்ஜினை அங்கே வைத்திருக்கிறார்கள். பக்கத்தில், வடக்கே ஊரை விட்டுவிட்டு வந்தவர்கள் முன்னோரை வணங்கும் மங்பெதான் என்ற பலிபீடம். ஒரு முதியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வடக்கு நோக்கி நெற்றி தரையில் படும்படி வணங்கினார். எழ முடியாமல் தடுமாறியவரைப் பேரன் தோளைப் பிடித்துத் தூக்கினான். நீலக் கட்டடத்தைப் பார்த்திருந்தால்கூட எனக்கு இந்த அளவுக்குத் தொண்டை அடைத்திருக்காது.

எல்லைப் பகுதிக்குள் நுழையும் தோங்கில் பாலத்தில் ராணுவ வீரர் பேருந்தில் ஏறி பாஸ்போர்ட்டையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அங்கே போனைத் தூக்காதீர்கள்.

அப்புறம் மூன்றாவது சுரங்கம். தெற்கே ஊடுருவ வடகொரியா ரகசியமாகத் தோண்டியவற்றில் மூன்றாவது இது, 1978-ல் கண்டுபிடித்தார்கள், தரைக்கு 73 மீட்டர் கீழே இருக்கிறது. போனையும் பையையும் லாக்கரில் வைத்துவிட்டு, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு சரிவில் இறங்க வேண்டும். ஹெல்மெட்டை அலட்சியமாக நினைக்காதீர்கள், கூரை அத்தனை தாழ்வு. இது வெறும் நிலக்கரிச் சுரங்கம் என்று சாதிக்க, கிரானைட் சுவரில் கரியைப் பூசியிருக்கிறார்கள். அந்தக் கறுப்பு இன்னும் தெரிகிறது. இறங்குவது சுலபம், ஏறும்போதுதான் மூச்சு வாங்கும். முட்டி வலி, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

வடகொரியாவை எட்டிப் பார்க்கும் தோரா கண்காணிப்பு மையத்தில் ஒரே பனிமூட்டம். கிளம்பலாம் என்று அவசரப்படுத்தினார்கள். நாங்கள் சிலர் நகரவே இல்லை. கொஞ்ச நேரத்தில் மூட்டம் விலக, வடகொரியக் கிராமமான கிஜோங்-தோங்கின் 160 மீட்டர் கொடிக்கம்பமும், அதற்கப்பால் கேசோங் நகரமும் பளிச்சென்று தெரிந்தன. அந்தப் பிடிவாதத்துக்குக் கிடைத்த பலன்!

பணம்? விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்ததால் சண்டை போட்டுப் பாதியைத் திரும்ப வாங்கினேன். நீங்களும் பதிவு செய்யும்போதே எடுத்து வையுங்கள். எந்தெந்த இடங்கள் உண்டு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், விடுமுறை.