கேம் விளையாடும் பிள்ளை கேம் செய்தால்?

மே மாத வேலூர் வெயிலில் பிள்ளைகளை வெளியே அனுப்பவும் முடியாது, வீட்டில் போனைப் பிடுங்கி வைக்கவும் முடியாது. சத்துவாச்சாரியில் இருக்கும் அக்கா மகளுக்கு, பிள்ளைகளே கேம் செய்து கோடிங் பழகும் ஸ்கிராட்ச் (Scratch) என்ற இணையத் தளத்தைக் காட்டிவிட்டேன். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் மீடியா லேப் 2007-இல் வெளியிட்டது, முழுக்க இலவசம். கட்டளைகள் எல்லாம் வண்ணக் கட்டைகள். இழுத்து ஒட்ட வேண்டியதுதான்.

அவள் செய்வது கோட்டை அகழியைத் தாண்டும் கேம். கீழே முதலை (நம்ம வேலூர்க் கோட்டை அகழியில் அந்தக் காலத்தில் முதலை இருந்ததாம், இங்கே இல்லாமலா!). முதல் நாள் குதித்த வீரன் இறங்கவே இல்லை. "மாமா, இவன் மேலேயே போய்ட்டான்!" வேகத்துக்கு ஒரு மாறி (மாறும் எண்ணைப் போட்டு வைக்கும் பெட்டி மாதிரி) வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் அதைக் கொஞ்சம் குறைத்தால் புவியீர்ப்பு வந்துவிடும். திரையில் ஒவ்வொரு இடத்துக்கும் எண் உண்டு: நடு 0, இடது ஓரம் -240, வலது ஓரம் 240. கணக்கு வகுப்பில் அவளை மிரட்டிய மைனஸ் எண், இங்கே முதலை நிற்கும் இடம்.

அடுத்தவர் செய்த கேமைத் திறந்து உள்ளே பார்க்கலாம், மாற்றியும் செய்யலாம். எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் கோடிங் கிளாஸில் சேர்க்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். அப்புறம், நெட் விட்டு விட்டு வரும் வீடுகளுக்கு ஆஃப்லைன் செயலியும் உண்டு.