சீதனமாகப் போன சதிர்

வதோதராவுக்கு நான் போனது லட்சுமி விலாஸ் அரண்மனையைப் பார்க்கத்தான். பார்த்தேன்; பெரிதாக இருந்தது. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. மாலையில் சுர்சாகர் ஏரிக்கரையில், நடுநீரில் நிற்கும் சிவனை வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தபோதுதான், நடனத்துக்குத் தாளம் தட்டும் குச்சியான தட்டுக்கழியின் சத்தம் கேட்டது. கூடவே, ‘தெய்யா தெய்’. சாலையோரக் கட்டடம் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் இசை, நடனக் கல்லூரி. நடனத் துறையின் ஆண்டு விழாவாம். வாசலில் செவ்வந்தித் தோரணம். யாரும் தடுக்கவில்லை, உள்ளே போய்விட்டேன்.

குஜராத்தில் பரதநாட்டியமா என்று வியக்க வேண்டியதில்லை. 1880-இல் இந்த ஊரை ஆண்ட மன்னர் மூன்றாம் சயாஜிராவ் மணந்தது தஞ்சாவூர் அரச குடும்பத்து லட்சுமிபாயை. நகை, பாத்திரத்தோடு ஒரு சதிர்க் குழுவும் சீதனமாக வந்தது. சதிர் என்பது பரதநாட்டியத்தின் பழைய பெயர். ஆடும் பெண்கள், ஆட்டுவிக்கும் நட்டுவனார், பக்கவாத்தியக்காரர்கள் எல்லோரும்தான். ‘பண்பாட்டுப் பரிமாற்றம்’ என்று இதை அழகாகச் சொல்லிவிடலாம். எனக்கு அந்த வார்த்தை தொண்டையில் சிக்குகிறது. போகச் சம்மதமா என்று அவர்களை யார் கேட்டிருப்பார்கள்? லட்சுமிபாயே 1885-இல் இறந்துவிட்டார். அரண்மனைக்கு அவர் பெயர். குழு ஊர் திரும்பவில்லை, அரசவையிலேயே ஆடியது.

கௌராபாய், காந்திமதி என்ற இரண்டு ஆடற்பெண்களின் பெயர்கள் அந்த அரசவையிலிருந்து நமக்குக் கிடைக்கின்றன. காந்திமதியின் மகன் குபேர்நாத் பின்னாளில் இதே பல்கலைக்கழகத்தில் நடன ஆசிரியரானார். அவர் பெயரின் பின்பாதி ‘தஞ்சோர்க்கர்’, அதாவது தஞ்சாவூர்க்காரர். தமிழ் ஊரை மராத்தி விகுதியில் கோத்துக்கொண்டு குஜராத்தில் வாழ்ந்த குடும்பம்! பல்கலைக்கழகம் 1949-இல்தான் உருவானது. ஆனால் இங்கே பாட்டுப் பள்ளி 1886-லேயே இசைக்கலைஞர் மௌலா பக்ஷ் தலைமையில் தொடங்கிவிட்டது. நாட்டியத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்கியதில் இந்த ஊருக்குத் தயக்கம் இல்லாதது ஆச்சரியமில்லை.

ஒப்பனை அறைக்கு வெளியே ஒரு மாணவி காகிதத்தைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அபிநயத்துக்கான தமிழ்ப் பாட்டு, அதாவது பதம்; ஆனால் குஜராத்தி எழுத்தில். நான் தமிழ் என்று தெரிந்ததும் இந்தியில் கேட்டாள், “தீதி, இந்த ஒரு எழுத்தை எப்படிச் சொல்வது?” ‘அழைத்து’ என்ற சொல்லில் விரலை வைத்திருந்தாள். நாக்கை மேலே மடித்து, எங்கும் ஒட்டாமல் விடச் சொன்னேன். முதல் தடவை ‘அலைத்து’. அடுத்தது ‘அரைத்து’, இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். நாலாவது தடவை சுத்தமாக வந்தது.

அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம் என்று, பத்தொன்பதாம் நூற்றாண்டு நட்டுவனார் சகோதரர்களான தஞ்சை நால்வர் வகுத்த அதே வரிசையில்தான் நிகழ்ச்சி போனது. முழங்காலை மடித்துப் பாதி உட்கார்ந்து ஆடும் அரைமண்டி எல்லோருக்கும் நன்றாக அமைந்திருந்தது. நம் ஊர் மேடைகளில் அதைப் பாதியிலேயே நிமிர்த்திவிடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பதத்துக்கு அந்தப் பெண் பாட உட்கார்ந்தாள். என்னைத் தேடிப் பிடித்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடங்கினாள்.

‘அலைத்து’ என்றே பாடினாள். சென்னையிலும் பாதிப் பேர் அப்படித்தானே சொல்கிறோம்! நான் கைதட்டினேன்.