கயித்துப் பை வாங்குறதுக்கு முன்னாடி

மரம் ஏறுற கயித்தை, அதான் ரோப்பை, போட்டு வைக்கிறதுதான் கயித்துப் பை. அதுக்கு நான் வைக்கிற டெஸ்ட் ஒண்ணே ஒண்ணுதான். சாயங்காலம் நாலு மணி, மழை தூறுது, கை ரெண்டும் வெலவெலத்துப் போயிருக்கு, மாமா பக்கியை, அதான் பின்னாடி சாமான் ஏத்துற வண்டியை, ஸ்டார்ட் பண்ணிட்டு ஹார்ன் அடிக்கிறார், அந்த நேரத்துல 45 மீட்டர் ரோப்பை நின்ன வாக்குலயே பைக்குள்ள திணிக்க முடியுதா இல்லையா? முடிஞ்சா அது நல்ல பை. முடியலைன்னா எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் சரி, மூணாவது வாரமே ரோப்பு பக்கியில பெட்ரோல் கேனுக்கும் செயின்சாவுக்கும் நடுவுல கிடக்கும், பை கராஜ்ல ஆணியில தொங்கும்.

நான் தென்னாப்பிரிக்காவுல டர்பன் வந்து 12 வருஷம் ஆச்சு. சொந்த ஊரு உடன்குடி. மாமா, அதாவது என் வீட்டுக்காரியோட அப்பா, சாட்ஸ்வொர்த்ல மரம் வெட்டுற வேலை எடுத்துச் செய்றவர், இங்கயே பிறந்து வளர்ந்தவர், பாதி தமிழ் பாதி இங்கிலீஷ்ல பேசுவார். நான் வந்த புதுசுல அவர்கிட்ட ஏணியும் சணல் கயிறும்தான் இருந்துச்சு. இன்னைக்கு மூணு பேர் ஹார்னெஸ், அதான் இடுப்புல மாட்டுற பட்டை, போட்டு ஏறுறோம். ரோப்பு, காராபினர்ங்கிற கொக்கி வளையம், ஹெல்மெட் எல்லாத்துக்கும் காசை எண்ணி வெச்சு வாங்கினோம், பைக்கு மட்டும் யாரும் யோசிக்கல, அரிசி சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போனோம். அதுக்கு கொடுத்த விலையைத்தான் இங்க எழுதுறேன், புதுசா ஏறக் கத்துக்குற தம்பிங்க அதே விலையை மறுபடி கொடுக்க வேண்டாம்.

முதல்ல அளவு. எங்க ரோப்பு 11.7 மில்லி, 45 மீட்டர், பாலியெஸ்டர். மீட்டருக்கு சுமார் 100 கிராம், அப்போ மொத்தம் நாலரை கிலோ. அந்தக் கயித்தை நெருக்கமா உருக்கி ஊத்தினா 5 லிட்டர்கூட வராது, ஆனா கயிறு அப்படியா உட்காரும், வளைஞ்சு நெளிஞ்சு காத்தை அடைச்சுக்கிட்டுத்தானே உட்காரும், அதனால 15 லிட்டர் பையில முக்கி முக்கி அடைக்கலாம், 30 லிட்டர் பையில சும்மா கொட்டலாம். 30 லிட்டர் எடுங்க. கடைக்காரர் "இதுலயே அடங்கும் பாஸ்"னு சின்னதைக் காட்டுவார், அடங்கும்தான், கடையில புது ரோப்பு, ஏசி, அவசரமில்லை. நனைஞ்சு விறைச்ச ரோப்பு அதுல அடங்காது. 60 மீட்டர் வெச்சிருக்கிறவங்க 40 லிட்டருக்குப் போயிடுங்க.

வடிவம் உருளையா, வாளி மாதிரி, தானா நிக்கணும். வாய் விரிஞ்சே இருக்க விளிம்புல ஒரு கெட்டியான வளையம் வேணும். வாய் சுருங்கிக்கிற பையில ஒரு கை பையைப் பிடிக்கவே போயிடும், அப்புறம் ஒத்தக் கையால எப்படித் திணிக்கிறது? ரோப்பை வட்டம் வட்டமா சுத்தி வைக்காதீங்க, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு முறுக்கு ஏறும், மரத்து மேல நிக்கும்போது அந்த முறுக்கெல்லாம் சேர்ந்து உங்க இடுப்புக்குக் கீழ குடல் மாதிரி சுருண்டு தொங்கும். அடி நுனியை பைக்குள்ள இருக்கிற வளையத்துல கட்டிட்டு, மிச்சத்தை கை மாத்தி கை மாத்தி உள்ள தள்ளிக்கிட்டே போங்க, மேல் நுனி வெளிய நிக்கும். மறுநாள் அந்த நுனியை இழுத்தா கோயில் தேர்வடம் மாதிரி நேரா வரும். உள்ள வளையம் இல்லாத பையை நான் வாங்கவே மாட்டேன்.

இப்போ தண்ணி விஷயம், இதுலதான் நான் பெருசா அடிபட்டேன்.

2022 ஏப்ரல் வெள்ளம் இங்க யாருக்கும் மறக்காது. 11, 12 தேதிகள்ல வானம் பொத்துக்கிட்டுக் கொட்டுச்சு, 400 பேருக்கு மேல செத்தாங்க, ரோடு போச்சு, வீடு போச்சு. மழை விட்டதும் எங்களுக்கு ராத்திரி பகல்னு இல்லாம வேலை, வெருலம், ஃபீனிக்ஸ், டொங்காட் எங்க பார்த்தாலும் வீட்டுக் கூரை மேல மரம் சாய்ஞ்சு கிடக்கு. அப்போ என்கிட்ட இருந்தது மஞ்சள் கலர் பிவிசி பை, தண்ணி உள்ள போகாதுன்னு சொல்லி வாங்கினது. சேறு ஒட்டின ரோப்பை அப்படியே அதுல போட்டு வாயைக் கட்டிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினேன், அந்த வாரம் வேற ரோப்பை வெச்சே வேலை போச்சு, நாலு நாள் கழிச்சுத்தான் இதைத் திறந்தேன். தண்ணி உள்ள போகாத பைன்னா உள்ள போன தண்ணி வெளியவும் வராது, இது அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சுது. அடியில ரெண்டு விரல்கடை சேத்துத் தண்ணி, அதுல ரோப்பு ஊறி, சாக்கடை நாத்தம். பாத்டப்ல போட்டு ஆறு தண்ணி மாத்தி அலசினேன், அலசி நிழல்ல காயவெச்சு, ரோப்பை காது பக்கத்துல வெச்சு மடக்கினா உள்ள நறநறன்னு சத்தம். மணல். பாலியெஸ்டர் தண்ணியில அழுகாது, பூஞ்சை வந்தாலும் நாரைத் தின்னாது, ஆனா உள்ள புகுந்த மணல் ஒவ்வொரு தடவை எடை ஏறும்போதும் நாரை உள்ளுக்குள்ளயே அறுக்கும், வெளிய பார்த்தா புத்தம்புதுசா இருக்கும். அந்த ரோப்பை நாலா வெட்டி கட்டை கட்டுறதுக்குப் போட்டுட்டேன். அதுல உயிரை வெச்சு ஏற முடியாது.

அதனால அடியில ஓட்டை கட்டாயம். ஐலெட்னு சொல்ற பித்தளை வளையம் போட்ட ஓட்டை ரெண்டு மூணு. சில பையோட அடிப்பாகம் வலைத்துணியா இருக்கும், நல்லா வடியும், ஆனா ஈர மண்ணுல வெச்சா கீழ இருந்தே சேறு ஏறும், அதனால அடி கெட்டி பிவிசி, பக்கத்துல மேல பாதி வலைன்னு இருக்கிறதுதான் எனக்குப் பிடிச்சது. டர்பன் ஈரக்காத்துல மூடின பைக்குள்ள ரோப்பு தானா காயும்னு நம்பாதீங்க, வீட்டுக்கு வந்ததும் வெளிய எடுத்து கராஜ்ல கொடி கட்டித் தொங்கவிடுங்க, வெயில்ல வேண்டாம்.

பேட்டரியையும் சொல்லணும். பக்கியில பழைய பேட்டரி ஒண்ணு கிடந்துச்சு, ஆசிட் கசிஞ்சு தரையில காய்ஞ்சிருந்தது யாருக்கும் தெரியல. நைலான் கயிறு, நாடா எதுல ஆசிட் பட்டாலும் செத்துது, கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. நல்ல வேளை பையோட அடி கெட்டியா இருந்ததால ஆசிட் அதோட நின்னுச்சு, பையை மட்டும் தூக்கிப் போட்டோம். அன்னைல இருந்து பக்கியில பைங்களுக்குன்னு ஒரு பலகை அடிச்சிருக்கோம், பேட்டரி, கேன், ஆயில் எதுவும் அந்தப் பக்கம் வரக்கூடாது.

எங்க தாத்தா பனையேறி. காலுல மாட்டி ஏறுற தளைநாரையும் அருவாப்பெட்டியையும் தரையில வெச்சு நான் பார்த்ததே இல்லை, திண்ணைச் சுவத்துல அதுக்குன்னு ஒரு முளை இருக்கும், வந்ததும் கால் கழுவுறதுக்கு முன்னாடி அங்க மாட்டுவார், பிள்ளைங்க யாராவது தொட்டா "அது என் உசுருல்ல, வைடா"ம்பார். சின்ன வயசுல எதுக்கு இவ்வளவு கத்துறார்னு நினைப்பேன்.

த்ரோலைன், அதாவது ரோப்பை கிளைக்கு மேல கொண்டுபோக முதல்ல குண்டு கட்டி வீசுற சன்னக் கயிறு, அதோட கதை வேற. ரோப்புக்கு நல்லா இருக்கிற பை இதுக்கு ஆகாது. ரெண்டு மில்லி கனம், 55 மீட்டர் நீளம், வழவழன்னு இருக்கும், சிக்கு விழுந்துச்சுன்னா தலைமுடிச் சிக்கு தோத்துடும். நான் முதல்ல 20 லிட்டர் பெயிண்ட் வாளியில வெச்சிருந்தேன், காசு இல்லாதவங்களுக்கு இன்னைக்கும் அதையேதான் சொல்வேன், வாளி உள்பக்கம் வழுவழுப்பா இருக்கும், லைன் எதுலயும் மாட்டாது. குறை என்னன்னா சரிவான இடத்துல கவிழும், இங்க சமதரையில எந்த வீடு இருக்கு?

த்ரோலைனுக்குன்னே கியூப்னு மடிக்கிற சதுரப் பை கிடைக்குது, விரிச்சா பெரிய பெட்டி மாதிரி ஆகும், மடிச்சா தட்டு மாதிரி. பெட்ஸல் கம்பெனியோட எக்ளிப்ஸ் மாதிரி ரெடிமேடும் இருக்கு. வாங்கும்போது கையை உள்ள விட்டுத் தடவிப் பாருங்க. தையல் ஓரம் பிசிறு, வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற லேபிள், ஜிப் பல், எது விரல்ல நெருடினாலும் லைன் அங்கதான் மாட்டும். முக்கியமா வெல்க்ரோ. எங்ககிட்ட இருந்த முதல் கியூப்புக்கு மூடி வெல்க்ரோதான், மூணு மாசத்துல லைன் முழுக்க பஞ்சு பஞ்சா நார் எழும்பிடுச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா கம்பளிப்பூச்சி மாதிரி தெரியும். வெல்க்ரோவோட கொக்கி அவ்வளவு சன்ன நூலை விடவே விடாது, மரத்தூளையும் சேர்த்துப் பிடிச்சுக்கும். பட்டன் போட்டது, இல்லைன்னா நாடா இழுத்துக் கட்டுறது போதும். ஜிப்தான்னா பெரிய பல்லு வெச்ச பிளாஸ்டிக் ஜிப், இங்க கடல் காத்துல இரும்பு ஜிப் ஒரு வருஷம் தாங்காது, கியூப்புக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் கம்பியும் துணி கிழிஞ்ச இடத்துல துரு பிடிக்கும், அந்தத் துருவும் லைனை அறுக்கும்.

எடைப் பையை, அதான் வீசுற குண்டை, லைன் மேல வைக்காதீங்க. என்கிட்ட 280 கிராம் ஒண்ணு, 400 கிராம் ஒண்ணு. லைனை அடுக்கி முடிச்சு மேல குண்டைப் போட்டா பக்கி குலுங்கக் குலுங்க அது மெதுவா லைனுக்குள்ள இறங்கி அடியில போய் உட்காரும், அடுத்த தடவை அதை வெளிய இழுத்தா அஞ்சு சுத்து லைனையும் கூட்டிட்டு வரும். முடிச்சை அவிழ்த்து குண்டை வெளிப் பாக்கெட்ல போடணும், பாக்கெட் இல்லாத கியூப் எனக்கு வேண்டாம்.

ஒரு நாள் கூட வேலை பார்க்குற ஜூலு தம்பி, நல்ல பையன், அவசரத்துல செயின்சாவை அணைச்சு கியூப் பக்கத்துல வெச்சுட்டான், சைலன்ஸர் பக்கம் கியூப்பைத் தொட்டுக்கிட்டு. பொசுங்குற வாடை வந்து ஓடிப்போய்ப் பார்த்தா துணியில காசு அகலத்துக்கு ஓட்டை, உள்ள லைன் பத்து சுத்து ஒண்ணா ஒட்டிக்கிட்டு கண்ணாடி மாதிரி கட்டியா இருக்கு. பாலியெஸ்டர் 250 டிகிரிக்கு மேலதான் உருகும், ஆனா த்ரோலைன் டைனீமாங்கிற வேற நார், அது 150 டிகிரிக்குள்ளயே உருகிடும். அவன் மூஞ்சி சுருங்கிப் போச்சு, நான் அவனைத் திட்டல, கியூப்போட இடத்தை நான்தான் அவனுக்குக் காட்டியிருக்கணும். இப்போ மரத்துக்கு இந்தப் பக்கம் செயின்சா, அந்தப் பக்கம் பைங்க, நடுவுல யாரும் எதையும் வைக்கிறதில்லை.

கலர் விஷயத்துல கறாரா இருங்க. ஏறுற ரோப்புக்கு சிவப்புப் பை, கிளையைக் கட்டி இறக்குற ரோப்புக்கு நீலப் பை, மாத்திப் போட்டா அன்னைக்கு வேலை நிக்கும். கிளை விழுற அடி வாங்கின ரோப்புல மனுஷன் தொங்கக்கூடாது. பை வெளியில ஒரு பிளாஸ்டிக் ஜன்னல் இருந்தா அதுக்குள்ள ஒரு சீட்டு வைங்க, ரோப்பு தயாரான வருஷம், வாங்கின தேதி, நீளம், கடைசியா எப்போ சோதிச்சோம். பெட்ஸல் மாதிரி கம்பெனிங்க துணி சாமானுக்கு அதிகபட்சம் 10 வருஷம்னு சொல்றாங்க, எங்க மாதிரி தினமும் ஏறுறவங்களுக்கு அவ்வளவு நாள் வரவே வராது.

அப்புறம் பையில சாப்பாடு வைக்காதீங்க. ரொட்டி ரோலை சைடு பாக்கெட்ல வெச்சுட்டு நான் மேல இருந்தேன், குரங்குக் கூட்டம் வந்து பாக்கெட்டைக் கிழிச்சு, த்ரோலைனை வீட்டுக்காரங்க வேலி முழுக்க இழுத்து விட்டுட்டுப் போயிடுச்சு. ராத்திரி பை வாயையும் கட்டி வைங்க, போன டிசம்பர்ல கராஜ்ல திறந்து கிடந்த பைக்குள்ள புள்ளி போட்ட ஒரு பச்சைப் பாம்பு சுருண்டிருந்துச்சு, விஷமில்லாததுதான், ஆனா கயித்துக்குள்ள கை விடுற நேரத்துல அது யாருக்குத் தெரியும்?

கடைப் பைதான் வேணும்னு இல்லை. லாரிக்கு பக்கத்திரை தைக்கிற ஒரு கடையில மிச்சம் விழுந்த பிவிசி துணியை வெச்சு, குறுக்களவு 30 சென்டிமீட்டர், உயரம் 45ன்னு சொல்லித் தைச்சு வாங்கினேன், கிட்டத்தட்ட 32 லிட்டர் வருது. தோள்ல மாட்டுற பட்டை ரெண்டும் அகலமா, சீட் பெல்ட் நாடாவுல. மூணு வருஷமா உழைக்குது. மாமா முதல்ல "வாட் ஃபார் மாப்ளே, சாக்கு இருக்கு இல்ல"ன்னார், போன மாசம் எங்க வீட்டுப் பின்னாடி நிக்கிற சிரிங்கா மரத்துல, ஆடிக்கு வேப்பிலைக்குப் பதிலா அத்தை கொத்து ஒடிக்கிற அதே மரம்தான், காய்ஞ்ச கிளையை எடுக்க அவரே கயிறு போட்டார், முடிச்சதும் என் சிவப்புப் பையை எடுத்து நின்னுக்கிட்டே ரோப்பைத் தள்ளி முடிச்சார். அப்புறம் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "எனக்கும் ஒண்ணு சொல்லிடு, ஆனா ஓட்டை நாலு போடச் சொல்லு"ன்னார். துணி கொடுத்தாச்சு, வெள்ளிக்கிழமை போய் வாங்கணும்.